கொடி ஏந்தாத கரங்கள்



ஒரே ஒரு வாக்கால் என்ன ஆகிவிடப் போகின்றது என்று கேட்போர் எல்லா நாட்டிலும் இருக்கின்றனர். அவர்களுக்கு விடை கூறுவதற்கென்றே நடந்தது போன்ற ஒரு நிகழ்ச்சி அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நடந்தேறியது. 2017 நவம்பரில் அம்மாநிலச் சட்டமன்றத்தின் கீழவைக்குத் தேர்தல். நியூபோர்ட் நியூஸ் நகரைச் சேர்ந்த 94-ஆம் தொகுதியில் குடியரசுக் கட்சியின் டேவிட் யான்சியும் ஜனநாயகக் கட்சியின் ஷெல்லி சைமன்ஸும் போட்டியிட்டனர். மறு எண்ணிக்கையின் முடிவில் சைமன்ஸ் ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றார் என்று அறிவிக்கப்பட்டது. மறுநாளே, ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த ஒரு வாக்குச் சீட்டைச் செல்லத்தக்கது என நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இருவருக்கும் தலா 11,608 வாக்குகள் என்றாயிற்று!

2018 ஜனவரி 4-ஆம் நாள், இருவர் பெயரையும் தனித்தனிச் சீட்டில் எழுதி, பீங்கான் கிண்ணமொன்றில் இட்டு, ஒன்றை எடுத்தார்கள். யான்சியின் பெயர் வந்தது. 100 இடங்கள் கொண்ட அவ்வவையில் குடியரசுக் கட்சி 51-க்கு 49 என்ற கணக்கில் பெரும்பான்மையைத் தக்கவைத்துக் கொண்டது. அத்தொகுதியில் அன்று வாக்களிக்காமல் இருந்தோர் பல்லாயிரவர். அவர்களுள் ஒரே ஒரு கல்லூரி மாணவர் எழுந்து சாவடிக்குச் சென்றிருந்தால் அந்தக் கிண்ணத்திற்கு வேலையே இருந்திராது.

அந்த ஒரு மாணவரைத் தேடிச் செல்வதையே தம் பணியாகக் கொண்ட அமைப்புகள் அமெரிக்க மாநிலங்களில் பல உள்ளன. அவை எந்தக் கட்சியையும் சார்ந்தவை அல்ல. இலாபம் கருதுபவையும் அல்ல. "நீ யாருக்கு வாக்களிக்கப் போகிறாய்?" என்று அவை கேட்பதில்லை, "நீ வாக்களிக்கப் போகிறாயா?" என்று மட்டுமே கேட்கின்றன. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இப்பணியைத் தலைமையேற்று நடத்துவது எத்துணைக் கடினம் என்பதை இம்மாதம் சற்று விரிவாகக் காண்போம். பொதுப்பணியில் ஈடுபட்டுள்ள எவருக்கும் இதில் பாடம் உண்டு.

18 வயதும் ஒரு சட்டத் திருத்தமும்

அமெரிக்காவில் நெடுங்காலம் 21 வயது நிரம்பியோரே வாக்களிக்கலாம் என்ற நிலை இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது 18 வயது இளைஞரையும் கட்டாயமாகப் படையிற் சேர்த்தனர். "போர்க்களத்தில் உயிர் கொடுக்க வயது போதுமாம், வாக்குக் கொடுக்க மட்டும் போதாதாம்!" என்ற முறையீடு அப்போதுதான் எழுந்தது. ஜார்ஜியா மாநிலம் 1943-இலும் கென்டக்கி 1955-இலும் தம்மளவில் வயதைக் குறைத்துக் கொண்டன. மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த ஜென்னிங்ஸ் ராண்டால்ஃப் என்பார் 1942 முதற்கொண்டு இதற்கான தீர்மானத்தை மீண்டும் மீண்டும் நாடாளுமன்றத்தில் கொண்டு வந்தார். ஏறத்தாழ 30 ஆண்டுகள் அவர் சளைக்கவில்லை.

வியத்நாம் போரின் காலத்தில் முறையீடு முழக்கமாயிற்று. 1970-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி வயதை 18 ஆக்கியது. ஆனால் அவ்வாண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வேறொரு தீர்ப்பளித்தது. குடியரசுத் தலைவர், நாடாளுமன்றத் தேர்தல்களுக்கு அச்சட்டம் செல்லும்; மாநிலத் தேர்தல்களுக்குச் செல்லாது என்பதே அத்தீர்ப்பு. எண்ணிப் பாருங்கள்! 18 வயது இளைஞர் ஒருவர் நாட்டின் தலைவரைத் தேர்ந்தெடுக்கலாம். தம் ஊர் சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க இயலாது. ஒரே சாவடியில் இரண்டு வகை வாக்காளர், இரண்டு வகைப் பட்டியல். இக்குழப்பத்தைத் தீர்க்க அரசியல் சாசனத்தின் 26-ஆம் திருத்தத்தை 1971 மார்ச் 23-ஆம் நாள் நாடாளுமன்றம் நிறைவேற்றி மாநிலங்களுக்கு அனுப்பியது. ஜூலை 1-ஆம் நாள் தேவையான மாநிலங்கள் அனைத்தும் ஒப்புதல் அளித்துவிட்டன. 100 நாள்களில் முடிந்தது! அந்நாட்டின் வரலாற்றில் இத்துணை விரைவாக ஏற்கப்பட்ட திருத்தம் வேறில்லை.

உரிமை வந்தது, ஆயினும் அதனைப் பயன்படுத்துவது எளிதாகவில்லை. டெக்சாஸ் மாநிலத்தின் வாலர் மாவட்டத்தில் கறுப்பின மாணவர் பெருவாரியாகப் பயிலும் பிரெய்ரி வியூ கல்லூரி உள்ளது. அங்குள்ள மாணவர் பெயரைப் பதியச் சென்றால், "உனக்கு இங்கே சொத்து உண்டா? படிப்பு முடிந்தபின் இங்கேயே இருப்பாயா? வேலைக்கு உறுதி கிடைத்துள்ளதா?" என்றெல்லாம் கேள்வித்தாள் நீட்டினார்கள். ஏனைய குடிமக்களிடம் கேட்காத கேள்விகள் இவை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1979-இல் மாணவர் பக்கம் தீர்ந்தது. கல்லூரி இருக்கும் ஊரிலேயே வாக்களிக்கும் உரிமையை அமெரிக்க மாணவர் பெற்றது இவ்வாறு வாதாடித்தான்.

மாநில அரசியல் ஏன்?

"குடியரசுத் தலைவர் தேர்தலை விட்டுவிட்டு மாநில அரசியலுக்காக இத்துணைப் பாடுபடுவானேன்?" என்று நீங்கள் கேட்கக்கூடும். நியாயமான வினாவே.

அமெரிக்க இளைஞர் ஒருவரின் அன்றாட வாழ்வைத் தீர்மானிப்பவற்றுள் பெரும்பாலானவை மாநிலத் தலைநகரில் முடிவாகின்றன. அரசுப் பல்கலைக்கழகத்திற்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது, அதனால் மாணவர் செலுத்தும் கட்டணம் எவ்வளவு உயர்வது, பள்ளிகளில் எதனைக் கற்பிப்பது, வாகன உரிமத்தை யாருக்கு எப்போது வழங்குவது, குற்றத்திற்கு எத்தனை ஆண்டுச் சிறை என்பதெல்லாம் மாநிலச் சட்டத்தின் பாற்பட்டவை. தேர்தலை நடத்தும் முறையும் அப்படியே. பெரும்பாலான மாநிலங்களில் தொகுதிகளின் எல்லையை வரைவதும் சட்டமன்றமே.

50 மாநிலங்களிலும் சேர்த்துச் சட்டமன்ற அவைகள் 99. நெப்ராஸ்கா மட்டும் ஓரவை கொண்டது. உறுப்பினர் மொத்தம் 7,386 பேர். இவர்களுள் தம் தொகுதியைச் சேர்ந்தவர் யார் என்று கேட்டால் விடை கூறத் தெரியாத இளைஞர் ஏராளம். குடியரசுத் தலைவரின் பெயரை அறியாதவரோ எவருமில்லை. தொலைக்காட்சி முழுவதும் அவர் முகமே. அவர் தேர்தல் இல்லாத ஆண்டில் இளைஞர் சாவடிப் பக்கம் திரும்புவதும் குறைகின்றது.

கணக்கு இதனைத் தெளிவாக்கும். அமெரிக்கக் குடிக்கணக்குத் துறையின் ஆய்வுப்படி, 2014-ஆம் ஆண்டின் இடைத்தேர்தலில் 18 முதல் 29 வயதினருள் வாக்களித்தோர் நூற்றுக்கு 20 பேர். 2018-இல் அது 36 ஆக உயர்ந்தது. நான்கே ஆண்டில் பெரும் பாய்ச்சல்தான், மறுப்பதற்கில்லை. ஆயினும் அதே 2018-இல் 65 வயதைக் கடந்தோருள் 66 பேர் வாக்களித்தனர். பேரனின் கல்விக் கட்டணத்தைத் தீர்மானிக்கும் அவையைப் பாட்டனார் தேர்ந்தெடுக்கின்றார். பாட்டனார் மீது குறையில்லை. அவர் தம் கடமையைச் செய்கின்றார். வராதவன் பேரன்.

பேரன் வராததற்குச் சோம்பல் மட்டுமே காரணம் அன்று. நம் நாட்டில் தேர்தல் ஆணையம் என்ற ஒரே அமைப்பு பட்டியலைத் தயாரிக்கின்றது. அதன் ஊழியர் வீடு தேடியும் வருகின்றனர். அமெரிக்காவில் அத்தகைய பொது ஏற்பாடு இல்லை. வட டகோட்டாவில் முன்பதிவே தேவையில்லை. டெக்சாஸிலோ தேர்தலுக்கு 30 நாள் முன்னரே பதிந்திருக்க வேண்டும். வீடு மாறினால் திருத்த வேண்டும். இளைஞரோ ஆண்டுக்கொரு முறை அறை மாறுபவர். 40 ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்பவருக்கும் இவருக்கும் சட்டம் ஒன்றே, சுமை ஒன்றன்று. இந்த இடைவெளியை நிரப்பவே தன்னார்வ அமைப்புகள் முளைத்தன.

கொலராடோ காட்டிய வழி

இத்தகைய அமைப்புகளுள் ஒன்றைச் சான்றாக எடுத்துக் கொள்வோம். கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் உள்ள பல்கலைக்கழகத்திலிருந்து படிப்பை முடித்து வெளிவந்த இளைஞர் சிலர் 2006-இல் 'நியூ இரா கொலராடோ' என்ற அமைப்பைத் தோற்றுவித்தனர். அவர்களுள் ஸ்டீவ் ஃபென்பெர்க் என்பவர் நிர்வாக இயக்குநராக இருந்து அதனை வளர்த்தார். எரித்திரிய நாட்டிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த ஜோ நெகூஸ் மற்றொருவர்.

தம் வயதை ஒத்தவரைத் தாமே சந்திப்பது என்பதே அவர்களின் வழி. கல்லூரி வளாகம், இசை நிகழ்ச்சி, பேருந்து நிறுத்தம் என இளைஞர் கூடுமிடமெல்லாம் படிவத்துடன் சென்று நின்றார்கள். இந்த வழியில் ஓர் உண்மை அடங்கியுள்ளது. 1998-இல் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர்களான ஆலன் கெர்பரும் டொனால்டு கிரீனும் நியூ ஹேவன் நகரில் ஏறத்தாழ 30,000 வாக்காளரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். சிலரை நேரில் சென்று வாக்களிக்குமாறு வேண்டினர். சிலருக்குக் கடிதம் அனுப்பினர். சிலருடன் தொலைபேசியில் பேசினர். நேரில் சென்று பேசியது கண்கூடான பலன் தந்தது. கடிதத்தின் பலன் சிறிதே. கூலிக்கு அமர்த்தியோர் பேசிய தொலைபேசி அழைப்போ பலனளிக்கவில்லை. வாசலில் நின்று முகம் பார்த்துப் பேசும் ஒரு மனிதருக்கு ஈடாக எந்தக் கருவியும் இல்லை என்பதை ஆய்வு மெய்ப்பித்தது. நம் முன்னோர் ஆய்வின்றியே அறிந்திருந்த செய்திதான் இது. திருமணத்திற்கு அஞ்சலில் அழைப்பிதழ் அனுப்புவதும் வீட்டுக்கு வந்து அழைப்பதும் ஒன்றாகுமா?

கொலராடோ இளைஞர் ஆள்களைச் சேர்த்ததோடு நிற்கவில்லை. வழியில் கிடந்த கற்களை அகற்றவும் முனைந்தனர். கணினி வழியே பெயர் பதியும் வசதிக்கு 2009-இல் அம்மாநிலம் சட்டம் இயற்றியது. 2013-இல் வாக்காளர் அனைவருக்கும் அஞ்சலில் வாக்குச் சீட்டு அனுப்பவும், தேர்தல் நாளன்றும் பெயர் பதியவும் சட்டம் வந்தது. 16 வயதிலேயே முன்பதிவு செய்துகொள்ளும் வாய்ப்பும் அவ்வாண்டே ஏற்பட்டது. 2019-இல் இயற்றிய சட்டம், பொதுத் தேர்தல் நாளுக்குள் 18 நிரம்பவுள்ள 17 வயதினர் கட்சி வேட்பாளரைத் தெரிவு செய்யும் முதனிலைத் தேர்தலில் வாக்களிக்க இடமளித்தது. அறை மாறும் மாணவருக்கு இவை எத்துணைப் பெரிய உதவி என்பதை விளக்கத் தேவையில்லை. இத்தகைய மாற்றங்களை வேண்டி வாதாடியவர்களுள் இவ்விளைஞரும் இருந்தனர்.

சாராமை என்பதன் பொருள்

இப்போது இப்பணியின் நெஞ்சாங்குலைக்கு வருவோம். 'எக்கட்சியையும் சாராதவர்' என்று பெயர்ப்பலகையில் எழுதிவிடுவது எளிது. அதன்படி நடப்பது நாள்தோறும் நிகழும் சோதனை.

அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 501(சி)(3) என்ற பிரிவின் கீழ் வரும் அறநிறுவனங்களுக்கு வரிவிலக்கு உண்டு. அவற்றுக்கு நன்கொடை தருவோரும் வரிச்சலுகை பெறுவர். அதற்கு ஈடாக ஒரு தடை. எந்த வேட்பாளரையும் ஆதரித்தோ எதிர்த்தோ அந்நிறுவனம் ஒரு சொல்லும் சொல்லலாகாது. 1954 முதல் இத்தடை சட்டத்தில் இடம்பெற்றுள்ளது.

மற்றொரு கட்டுப்பாட்டுக்கும் வரலாறு உண்டு. 1967-இல் கிளீவ்லாந்து நகரில் கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவு செய்யும் பணிக்கு ஃபோர்டு அறக்கட்டளை பொருளுதவி செய்தது. அவ்வாண்டு கார்ல் ஸ்டோக்ஸ் அந்நகரின் மேயரானார். பெருநகரமொன்றின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவர் அவரே. நாடாளுமன்றத்தில் சலசலப்பு எழுந்தது. 1969-இல் இயற்றிய வரிச் சட்டம், தனியார் அறக்கட்டளைகள் வாக்காளர் பதிவுக்கெனவே பணம் ஒதுக்குவதைக் கடுமையாக வரையறுத்தது. அவ்வாறு ஒதுக்க வேண்டுமாயின், பெறும் அமைப்பு ஐந்து மாநிலங்களிலேனும் செயல்பட வேண்டும். ஒரு தேர்தலுக்கு மட்டும் என்றிருக்கலாகாது. ஒரே மாநிலத்தில் பணியாற்றும் சிறு அமைப்பின் தலைவர் பணத்திற்கு எத்தனை வாசல் ஏற வேண்டியுள்ளது என்பதை இதிலிருந்து உய்த்துணரலாம்.

கட்சி சாராமை என்றால் கருத்தே இல்லாமை என்று பொருளா? அன்று. ஒரு சட்ட முன்வரைவை ஆதரிக்கலாம்; மக்கள் நேரடியாக வாக்களித்து முடிவு செய்யும் பொருள்களில் இன்ன பக்கம் நல்லது என்றும் கூறலாம்; இவற்றுக்குச் சட்டம் ஓர் அளவு விதித்து இடம் தருகின்றது. ஆனால் அப்பொருளைப் பற்றுக்கோடாகக் கொண்டு ஒரு வேட்பாளரைத் தூக்கிவிடுவது கூடாது.

இந்நுட்பத்தை விளக்க அந்நாட்டு வரித்துறை 2007-இல் ஓர் எடுத்துக்காட்டைத் தந்தது. சுற்றுச்சூழலைக் காக்கப் பாடுபடும் ஓர் அறநிறுவனம். மாநிலச் சட்டமன்றத் தேர்தல் நடக்கின்றது. வேட்பாளருள் ஒருவரின் கருத்து நிறுவனத்தின் கருத்தோடு ஒத்தது. தொண்டர்கள் வாக்காளருக்குத் தொலைபேசியில் பேசிச் சுற்றுச்சூழல் பற்றிக் கேட்கின்றனர். தம் கருத்தோடு இசைபவராயின், தேர்தல் நாளை நினைவூட்டி, சாவடிக்குச் செல்ல வண்டியும் தருவதாகக் கூறுகின்றனர். மாறுபடுபவராயின், நன்றி சொல்லி அழைப்பை முடித்துக் கொள்கின்றனர். எந்த வேட்பாளரின் பெயரையும் தொண்டர் உச்சரிக்கவில்லை. ஆயினும் இது கட்சிப் பணியே என்றது வரித்துறை!

வாசகர்களே, இந்த எடுத்துக்காட்டை நான் மிகவும் மதிக்கின்றேன். சார்பு நாவில் மட்டும் இல்லை. யாரிடம் இன்முகம் காட்டுகின்றோம், யாரிடம் பேச்சை முடித்துக் கொள்கின்றோம் என்பதிலும் இருக்கின்றது. இது தேர்தலுக்கு மட்டும் பொருந்துவதா என்று சிந்தியுங்கள்.

தலைமையின் சுமை

இந்த நெருக்கடிகளுக்கிடையே ஓர் அமைப்பை நடத்துபவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

அவருடைய தொண்டர் படை நான்கு ஆண்டுகளில் கலைந்துவிடும். முதலாண்டு மாணவராய் வந்தவர் பழகித் தேர்ந்து பயன்தரும் வேளையில் பட்டம் பெற்றுப் புறப்பட்டுவிடுவார். ஒவ்வோர் ஆண்டும் புதிதாய்த் தொடங்க வேண்டும். பெரும் தேர்தல் வரும் ஆண்டில் நன்கொடை பெருகும். அடுத்த ஆண்டில் வற்றிவிடும். ஆனால் சட்டமன்றமோ வற்றும் ஆண்டிலும் கூடுகின்றது. டெக்சாஸ் சட்டமன்றம் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, ஒற்றைப்படை ஆண்டில், 140 நாள் மட்டுமே கூடும். அதாவது, தேர்தல் ஆரவாரம் அடங்கி, பணமும் தொண்டரும் குறைந்திருக்கும் வேளையில்தான் அங்கே சட்டங்கள் பிறக்கின்றன. அந்த ஆண்டில் கடையை அடைத்துவிடும் அமைப்பு இளைஞரைத் தேர்தலன்று மட்டும் தேடி வரும் அரசியல்வாதியினின்று எவ்வகையில் வேறுபட்டது?

இன்னொரு சுமை, கையில் வாங்கிய படிவம். நிரப்பிய படிவத்தில் ஓர் இளைஞரின் பெயர், முகவரி, பிறந்த நாள், கையொப்பம் எல்லாம் இருக்கின்றன. அது ஓர் அமானிதம். குறித்த காலத்தில் உரிய அலுவலகத்தில் சேர்க்காவிடில் அவர் வாக்குரிமை இழப்பார்; தாம் பதிந்துவிட்டதாக நம்பிச் சாவடிக்குச் சென்று திரும்புவார். இந்தத் துரோகத்தினின்று மக்களைக் காக்கச் சட்டம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. டெக்சாஸில் படிவம் வாங்குபவர் அந்தந்த மாவட்டத்தில் முறைப்படி நியமனம் பெற்றிருக்க வேண்டும். ஐந்து நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும்.

ஆனால் காவலே சிறையாவதும் உண்டு. ஃபுளோரிடா 2011-இல் இயற்றிய சட்டம் 48 மணி நேரத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றது. 1920-இல் தொடங்கி, எக்கட்சியையும் சாராது பணியாற்றி வரும் பெண் வாக்காளர் கழகம், இந்த நிபந்தனையின் கீழ்த் தொண்டர்களை அனுப்ப இயலாது என்று அம்மாநிலத்தில் பதிவுப் பணியையே நிறுத்தி வைத்தது. 2012-இல் நீதிமன்றம் அந்த விதிக்குத் தடை விதித்தது. 2023-இல் அம்மாநிலம் மீண்டும் ஒரு சட்டம் இயற்றி, 10 நாள் கெடுவும், ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை அபராதமும் விதித்தது. தம் ஓய்வு நேரத்தைத் தர முன்வரும் 19 வயது மாணவியிடம் இந்த அபராதத் தொகையைச் சொல்லிவிட்டுத்தான் படிவக் கட்டைக் கையில் கொடுக்க வேண்டும். தலைவராயிருப்பவர் அவள் அச்சத்தையும் போக்க வேண்டும், சட்டத்தையும் மீறலாகாது.

எல்லாவற்றிலும் பெரிய சுமை நாவடக்கம். தனி மனிதர் என்ற முறையில் அவருக்கும் வாக்கு உண்டு. விருப்பு வெறுப்பு உண்டு. தம் வீட்டில், தம் நண்பரிடம் அதனைக் கூறத் தடையில்லை. ஆனால் அமைப்பின் மேடையில், அமைப்பின் இதழில் கூறலாகாது. தம் கண்முன்னே தமக்குப் பிடிக்காதவர் வென்று வருவதற்குத் தாம் பதிந்த வாக்காளரும் காரணமாயிருக்கலாம். அன்றைக்கும் மறுநாள் காலையில் எழுந்து அதே படிவக் கட்டுடன் செல்ல வேண்டும். தோல்வியை விழுங்குவது கட்சிக்காரர்க்கும் உள்ளதே. ஆனால் தாமே தண்ணீர் ஊற்றிய மரம் அடுத்த வீட்டில் கனி உதிர்ப்பதைக் கண்டு மகிழ்வது தொண்டருக்கு மட்டுமே விதிக்கப்பட்டது.

ஒரு நியாயமான ஐயம்

இங்கே ஓர் ஐயத்தை மறைக்காமல் பேசிவிட வேண்டும். "சாராதவர் என்கிறீர்களே! அந்தக் கொலராடோ இளைஞர் என்ன ஆனார்கள்?" என்று கேட்போர் உண்டு. ஜோ நெகூஸ் 2018-இல் ஜனநாயகக் கட்சியின் சார்பில் நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஸ்டீவ் ஃபென்பெர்க் 2016-இல் அதே கட்சியின் சார்பில் மாநில மேலவைக்குச் சென்று, 2022-இல் அவ்வவையின் தலைவரும் ஆனார். பின்னர் இப்படிக் கட்சிக்குச் செல்பவர் முன்னர் சாராதவராய் இருந்திருக்க முடியுமா? இளைஞர் பெரிதும் ஒரு கட்சிக்கே வாக்களிப்பவர் என்றால், இளைஞரைப் பதிவதே அக்கட்சிக்குச் செய்யும் மறைமுகத் தொண்டாகாதா?

இரண்டாம் வினாவுக்கு வரலாறு விடை தருகின்றது. 1984-இல் குடியரசுக் கட்சியின் ரொனால்டு ரீகனுக்கு இளைஞருள் தெளிவான பெரும்பான்மையோர் வாக்களித்தனர். 2008-இல் ஜனநாயகக் கட்சியின் பராக் ஒபாமா பக்கம் அவர்கள் திரண்டனர். 2024-இல் இரு கட்சிகளுக்கும் இடையே இளைஞர் வாக்கில் இருந்த இடைவெளி பெரிதும் சுருங்கிவிட்டது. இளைஞர் எந்தக் கட்சியின் பரம்பரைச் சொத்தும் அல்லர். இன்று ஒரு கட்சிக்கு ஆதாயம் என்றெண்ணி அவர்களைப் பதிபவரும், இன்று நட்டம் என்றெண்ணி அவர்களைத் தடுப்பவரும், 20 ஆண்டில் தாமே ஏமாறுவர்.

முதல் வினா கடினமானது. வாக்காளரைத் திரட்டப் பழகியவருக்கு வேட்பாளராகும் திறமை தானே வந்துவிடுகின்றது. கட்சிகள் அத்திறமையைக் கண்டு அழைக்கின்றன. அழைப்பை ஏற்பது குற்றமன்று. பொதுவாழ்வுக்கு நல்லோர் வருவதை நாம் விரும்புகின்றோம் அல்லவா? ஆயினும், தலைவர் ஒருவர் கட்சிக்குச் சென்ற நாளில், அவர் விட்டுச் சென்ற அமைப்பின் மீதுள்ள நம்பிக்கையில் ஒரு சிறு கீறல் விழத்தான் செய்கின்றது. மறு கட்சியை ஆதரிக்கும் ஓர் இளைஞரின் தந்தை, "பார்த்தாயா, நான் அன்றே சொன்னேன்!" என்பார். அந்தக் கீறலை ஆற்ற வேண்டியவர் அடுத்து வரும் தலைவர். பொறுப்பிலிருக்கும்போது வேட்பாளராகும் எண்ணம் தோன்றினால் உடனே விலகுவதும், அமைப்பின் பட்டியலையோ பெயரையோ தம்முடன் எடுத்துச் செல்லாதிருப்பதும், நிர்வாகக் குழுவில் பல கருத்தினரை அமர்த்துவதும் நம்பிக்கையைக் காக்கும் வழிகள். சட்டம் கேட்பது குறைந்த அளவே. மக்கள் மனம் கேட்பது அதனினும் மிகுதி.

என் கருத்தில் உரைகல் ஒன்றே. தொண்டரின் மேசை முன் வந்து நிற்கும் இளைஞர், "நான் இன்ன கட்சிக்குத்தான் வாக்களிப்பேன்" என்று கூறுகின்றார். அது தொண்டருக்குப் பிடிக்காத கட்சி. அப்போதும் அதே புன்னகையுடன் பேனாவை எடுத்துக் கொடுத்து, "இந்த இடத்தில் கையொப்பமிடுங்கள்" என்று தொண்டர் கூறுவாரா? கூறுவாராயின் அவ்வமைப்பு சாராதது. தயங்குவாராயின், பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் அது கட்சி அலுவலகமே.

நம் இல்லத்திற்கு ஒரு சொல்

கடல் கடந்த நாட்டின் கதையாயினும் இதில் நமக்குரியதை எடுத்துக் கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம். நம் நாட்டிலும் வாக்களிக்கும் வயது 21 ஆகவே இருந்தது. அரசியல் சாசனத்தின் 61-ஆம் திருத்தத்தால் 1989 மார்ச் 28 முதல் 18 ஆயிற்று. 2022 முதல், ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் நாள்கள் தகுதி நாள்களாகக் கொள்ளப்படுகின்றன. 17 வயது நிரம்பியவர் படிவம் 6-ஐ முன்கூட்டியே கொடுத்து வைக்கலாம். வயது நிரம்பும் காலாண்டில் பெயர் சேர்ந்துவிடும். உங்கள் இல்லத்தில் அவ்வயதில் மகனோ மகளோ இருந்தால், இந்த இதழை மூடி வைக்கும் முன் ஒருமுறை கேட்டுவிடுங்கள். மகனுக்கு நினைவூட்டி மகளை மறந்துவிடாதீர்கள். படிக்கவோ பணியாற்றவோ வெளியூர் சென்ற பிள்ளையின் பெயர் எங்கே இருக்கின்றது என்பதையும் விசாரியுங்கள்.

கேட்கும்போது ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். "யாருக்குப் போடுவாய்?" என்று கேட்காதீர்கள். 18 வயதுப் பிள்ளையின் முதல் வாக்கு தந்தையின் இரண்டாம் வாக்கு அன்று. விவாதியுங்கள், செய்தித்தாளைச் சேர்ந்து படியுங்கள், உங்கள் அனுபவத்தைக் கூறுங்கள். முடிவை அவர்களிடம் விடுங்கள். தம் முடிவு மதிக்கப்படும் என்று வீட்டில் அறிந்துகொண்ட பிள்ளை, மற்றவர் முடிவை மதிக்கவும் வெளியில் கற்றுக்கொள்ளும்.

ஊரில் சங்கமோ நற்பணி மன்றமோ நடத்தும் சகோதரர்களுக்கும் சகோதரியருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மன்றத்தில் நான்கு கட்சியினர் இருக்கலாம். அவர்களை ஒன்றாய் அமர்த்தி ஒரு பொதுப்பணியை முடிப்பது எவ்வளவு பெரிய திறமை என்பது உங்களுக்கே தெரியும். அத்திறமையைத் தேர்தல் வேளையில் ஒரு கொடிக்கு விற்றுவிட்டால், மறுபடி அவர்களை ஒரே பாயில் அமர்த்த எத்தனை ஆண்டு ஆகும்? கொடி ஏந்தும் கரங்கள் நாட்டுக்குத் தேவைதாம். அவற்றுக்குப் பஞ்சமே இல்லை. கொடி ஏந்தாமல், பேனாவை மட்டும் நீட்டும் கரங்கள் மிகச் சிலவே. உங்கள் ஊரில் அப்படி ஒரு கரம் இருந்தால் அதனைப் பற்றிக்கொள்ளுங்கள். இல்லையெனில் உங்கள் கரமே முதலாவதாக நீளட்டும்.

அடுத்த மாதம் வேறொரு பொருளுடன் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்!